கருப்புத் தூள் பாக்கெட்டைப் பிரிக்கும் முன்: மலைத் தோட்டத்துக்கு பாஸ்போபாக்டீரியா

"தம்பி, இந்தக் கருப்புத் தூளைப் போட்டா டிஏபியே வேணாமாமே, நெசமா?" என்று பாலாடா பக்கம் கேரட் போடும் ஓர் அண்ணன் போன கார்போகத்துக்கு (சித்திரை, வைகாசியில் போடும் போகம்) முன்னால் என்னைக் கேட்டார். நெசமும் இல்லை, பொய்யும் இல்லை என்று இழுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, பாக்கெட்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். டிஏபி என்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம், அந்தக் கருப்புத் தூள் பாஸ்போபாக்டீரியா, மண்ணில் பூட்டிக்கிடக்கும் மணிச்சத்தை அவிழ்த்துவிடும் நுண்ணுயிர். அன்றைக்கு நின்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊட்டி, குந்தா, கோத்தகிரி பக்கம் சொந்தமாகவோ குத்தகைக்கோ கொஞ்சம் பூமி எடுத்து, மலைக்காய்கறி போட ஆரம்பித்திருப்பவர்களுக்காக. நானும் குத்தகைக்காரன்தான், அதனால் காசைப் பார்த்துத்தான் பேசுவேன்.

முதலில் ஒரு கணக்கு. டிஏபி 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. அதில் அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 10 முதல் 25 சதவீதம்தான். நன்றாக எடுத்தால்கூட ஐந்து, ஆறு கிலோ. மிச்சம் எங்கே போனது? தழைச்சத்து (நைட்ரஜன்) மாதிரி காற்றில் போகாது, தண்ணீரோடு அவ்வளவு சுலபமாக இறங்கியும் போகாது. உங்கள் மண்ணிலேயேதான் இருக்கிறது, பயிருக்கு எட்டாமல்.

நம் மலையில் இது இன்னும் மோசம். காலங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. அதனால்தான் மண் சிவப்பு, அதனால்தான் புளிப்பு. கார அமிலத்தன்மை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த இரும்பும் அலுமினியமும் நீங்கள் போடும் மணிச்சத்தைக் கண்டதும் பிடித்துக்கொள்ளும். ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட்டை வேரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டீர்கள் என்றால், அது வேரைத் தேடி நடந்து வராது. மண்ணுக்குள் மணிச்சத்து நகர்வதே சில மில்லிமீட்டர்தான். வேர்தான் அதைத் தேடிப் போகவேண்டும், இல்லை, வேர் பக்கத்தில் யாராவது அதை அவிழ்த்துக் கொடுக்கவேண்டும்.

அந்த 'யாராவது'தான் இந்த நுண்ணுயிர்கள். நம் ஊரில் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் பேசில்லஸ் மெகாதீரியம் என்ற பாக்டீரியா (ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் அதன் பெயரை பிரீஸ்டியா என்று மாற்றிவிட்டார்கள், பாக்கெட்டில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது). இதைத் தவிர சூடோமோனாஸ் வகைகள், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் மாதிரி பூஞ்சைகள். இவை இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று, குளுக்கோனிக், சிட்ரிக், ஆக்ஸாலிக் போன்ற கரிம அமிலங்களைக் கக்கி, கல்லோடும் உலோகத்தோடும் ஒட்டிக்கிடக்கும் மணிச்சத்தைப் பிரித்தெடுப்பது. இரண்டாவது, பாஸ்பேட்டேஸ், ஃபைட்டேஸ் என்ற நொதிகளைச் சுரந்து, மக்கிய இலைதழைக்குள் இருக்கும் மணிச்சத்தை வெட்டி வெளியே விடுவது. நம் மலைக்கு இந்த இரண்டாவது வேலை ரொம்ப முக்கியம் என்பது என் எண்ணம். குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது, அதனால் சமவெளிக்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்கு நம் மண்ணில் கரிமப் பொருள் சேர்ந்து கிடக்கிறது, அதற்குள்ளும் கணிசமான மணிச்சத்து உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வகத்தில் இந்த பாக்டீரியாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் பாக்கெட் எதுவரை வேலை செய்யும் என்பதும் புரிந்துவிடும். பிகோவ்ஸ்கயா என்ற ரஷ்ய விஞ்ஞானி 1948-ல் சொன்ன, பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்தைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடித் தட்டில் ஊற்றினால் மோர் மாதிரி வெளுப்பாக, ஊடுருவிப் பார்க்க முடியாமல் இருக்கும், காரணம் அதில் கலந்திருக்கும் கரையாத கால்சியம் பாஸ்பேட். அதன் மேல் மண் கரைசலைத் துளி விட்டு சில நாள் வைத்தால் அங்கங்கே பாக்டீரியா புள்ளி புள்ளியாக வளரும். சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் வெளுப்பு கரைந்து, பனிக்கண்ணாடியை விரலால் துடைத்த மாதிரி தெளிந்த வட்டம் விழும். அந்தப் புள்ளிதான் தேறியது. ஆனால் கவனியுங்கள், அது கரைத்தது கால்சியம் பாஸ்பேட்டை. கரிசல், சுண்ணாம்பு பூமிக்கு அது சரி. நம் மண்ணில் பூட்டிக்கிடப்பது இரும்பு, அலுமினிய பாஸ்பேட், அது இன்னும் கெட்டி. ஆகவே சமவெளியில் ஒருத்தருக்குக் கிடைத்த பலனைக் கேட்டுவிட்டு அதே பலனை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இங்கே பாக்கெட் என்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது.

முதல் வேலை, மண் பரிசோதனை

சலிப்பாக இருக்கும், தெரியும். இருந்தாலும் செய்யுங்கள். உரம் போடுவதற்கு முன், பூமியில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் ஓரச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் மண் எடுங்கள். எருக்குமி இருந்த இடம், மரநிழல், வரப்போரம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். சரிவின் மேல்பகுதியும் அடிப்பகுதியும் வேறு வேறு பூமி என்று நினைத்துத் தனித்தனியாக எடுங்கள், மழையில் மேல்மண் இறங்கி அடியில் சேர்ந்திருக்கும், மணிச்சத்து மண்துகளைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்யும்.

ஆய்வகத்தில் மண்ணைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள், இது புளிப்பு மண், மணிச்சத்தை பிரே முறையில் பாருங்கள் என்று. ஓல்சன் முறை நடுநிலை, களர் மண்ணுக்கானது. அறிக்கை வந்ததும் மூன்று எண்ணைப் பாருங்கள்: கார அமிலத்தன்மை, கரிமம், மணிச்சத்து. வருடக்கணக்காகக் காம்ப்ளெக்ஸ் உரமும் கோழி எருவும் கொட்டிய காய்கறி பூமிகளில் மணிச்சத்து 'அதிகம்' என்றே வந்து நிற்பதுண்டு. அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள், அடுத்த மூட்டைக்கான காசு மிச்சம்.

இலை ஊதா நிறமாக இருப்பதை வைத்து மணிச்சத்துப் பற்றாக்குறை என்று முடிவு செய்யாதீர்கள். மார்கழி, தை உறைபனியில் முட்டைக்கோஸ் நாற்று சும்மாவே ஊதா பூக்கும். வெயில் வந்ததும் சரியாகிவிட்டால் அது குளிர்.

இரண்டாவது, புளிப்பைக் குறைப்பது

5.5-க்குக் கீழே இருக்கும் மண்ணில் பாக்டீரியாவுக்கே பிழைப்பு கஷ்டம், அலுமினியம் கரைந்து வேரையும் கருக்கிவிடும். இதற்கு டோலமைட்தான் இங்கே வழக்கம், சுண்ணாம்போடு மெக்னீசியமும் கிடைக்கும். எவ்வளவு என்பதை அறிக்கை சொல்லட்டும், பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துப் போடாதீர்கள். நடவுக்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்னால், மண்ணில் ஈரம் இருக்கும்போது தூவிக் கொத்திக் கலந்துவிட வேண்டும். டோலமைட் போட்ட கையோடு பாஸ்போபாக்டீரியா போடக்கூடாது, இடையில் 15 நாளாவது விடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சுண்ணாம்பு கூடினால் கிழங்கில் சொறி நோய் வரும், தோல் சொரசொரவென்று வெடித்து மண்டியில் விலை போகாது. சுண்ணாம்பு குறைந்தால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேர் வீங்கி முடிச்சு முடிச்சாகி, பகலில் செடி துவண்டு நிற்கும், அந்த நோய்க்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். ஆகவே டோலமைட்டை முட்டைக்கோஸ் போகத்துக்கு முன்னால் போடுங்கள், கிழங்கு போகத்துக்கு முன்னால் போடாதீர்கள். நான் இதை மாற்றிச் செய்துவிட்டு மேட்டுப்பாளையம் மண்டியில் தலை குனிந்து நின்றிருக்கிறேன்.

மூன்றாவது, சோறு போடுவது

பாக்டீரியாவும் உயிர்தானே, அமிலம் கக்க அதற்குச் சர்க்கரை வேண்டும். அது வேரிலிருந்து கசிவதும் எருவிலிருந்து கிடைப்பதும்தான். மக்கிய தொழு உரம் இல்லாத பூமியில் பாக்கெட்டைக் கொட்டுவது, அடுப்பு மூட்டாமல் உலை வைப்பது. பச்சை எரு வேண்டாம், சூடு தட்டி எல்லாம் கெடும். கோழி எருவைக் கணக்கில் வையுங்கள், அதில் மணிச்சத்து ஏற்கெனவே நிறைய. லோடு லோடாகக் கோழி எருவும் போட்டு, டிஏபியும் போட்டு, பாஸ்போபாக்டீரியாவும் போடுவது மூன்று தடவை ஒரே பில் கட்டுகிற வேலை.

நேரம் இருப்பவர்களுக்கு ஒன்று: ராக் பாஸ்பேட், அதாவது மணிச்சத்து உள்ள பாறையைப் பொடித்தது. சமவெளியில் அது மண்ணில் கல் மாதிரி கிடக்கும், நம் புளிப்பு மண்ணில் மண்ணே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். தேயிலைக்காரர்கள் வெகு காலமாக இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். காய்கறிக்கு என்றால் தொழு உரக் குவியலில் அடுக்கடுக்காக ராக் பாஸ்பேட்டைத் தூவி, நடுவில் பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டையும் கலந்து, ஈரம் காயாமல் சாக்கு போட்டு மூடி ஒன்றரை மாதம் விடுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டை நிற்கவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. ஊட்டியில் குளிர் காலமென்றால் இன்னும் சில வாரம் கூடப் பிடிக்கும். எனக்கு இந்த முறைமேல்தான் அதிக நம்பிக்கை. பாக்டீரியா பூமிக்குப் போவதற்கு முன்பே நல்ல இடத்தில் பெருகிவிடுகிறது, புளிப்பு மண்ணில் ஒற்றையாகப் போய் விழுவதில்லை.

இப்போது பாக்கெட்

2006-லிருந்து உயிர் உரங்களும் உரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. தூள் வகையில் கிராமுக்கு 5 கோடி, திரவ வகையில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர் இருக்கவேண்டும் என்பது அளவு. அதை நாம் எண்ணிப் பார்க்க முடியாது. நாம் பார்க்க முடிந்தது காலாவதித் தேதி, பயிர்ப் பெயர், எங்கே வைத்திருந்தார்கள் என்பது. வெயில் விழும் கண்ணாடி அலமாரியில், பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவில் இருந்த பாக்கெட்டை நான் வாங்கமாட்டேன். பிரித்தால் ஈரமான கருப்புத் தூள் (பழுப்பு நிலக்கரியைப் பொடித்தது) மழை பெய்த மண் வாசம் அடிக்கவேண்டும். அழுகல் வாடை, பச்சைப் பூசணம், கட்டி கட்டியாகக் காய்ந்தது என்றால் திருப்பிக் கொடுங்கள்.

போடும் விதம் பயிரைப் பொறுத்தது.

கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு என்றால் நேராக மண்ணில். ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் 4, குறைந்தது 10 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து, (நான் 40, 50 கிலோ எடுத்துக்கொள்வேன், பரவலாக விழும்) நிழலில் ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் சாயங்காலமோ மூட்டமான நேரத்திலோ பாத்தியில் தூவிக் கொத்தி மூடிவிடுங்கள். கேரட் விதையில் தடவலாமே என்று சிலர் கேட்பார்கள். டின்னில் வரும் ஹைபிரிட் விதை பெரும்பாலும் பூசணக்கொல்லி பூசி, நிறம் ஏற்றித்தான் வருகிறது. அதன் மேல் பாக்டீரியாவைத் தடவினால் கொன்றுதான் விதைக்கிறீர்கள். கிழங்குக்கு பாரில் வரிசை பிடித்து, கிழங்கு வைக்கும் இடத்திலேயே எருக்கலவையை விடுங்கள், மணிச்சத்து நகராது என்பதை மறக்காதீர்கள்.

பீன்ஸ், பட்டாணி, அவரைக்கு விதை நேர்த்தி நல்லது, மருந்து பூசாத விதையாக இருந்தால். ஆறிய அரிசிக் கஞ்சியில் (சூடு இருந்தால் போச்சு, விரல் விட்டுப் பாருங்கள்) தூளைக் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் அரைமணி உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள். ரைசோபியத்தையும் (வேர்முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா) இதே கஞ்சியில் சேர்க்கலாம். வேர்முடிச்சு தழைச்சத்தைப் பிடிக்க மணிச்சத்து நிறையத் தேவைப்படும், அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்று என்றால் ஏக்கருக்கு 2 பாக்கெட்டை 15 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை 10 நிமிடம் நனைத்து நடுங்கள். வாளியை வெயிலில் வைக்காதீர்கள். நட்டு முடிந்து மிஞ்சும் கரைசலைச் செடித் தூரில் ஊற்றிவிடலாம்.

திரவ பாட்டில் வாங்கினால் அதன் மேலே போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். சொட்டுநீர் இருந்தால் அதில் விடலாம், ஆனால் அதே நாளில் அதே தொட்டியில் வேறு எதையும் விடாதீர்கள்.

இதுதான் நான் முதல் வருடம் செய்த தப்பு. ஒரே டிரம்மில் டிஏபி கரைசல், பாஸ்போபாக்டீரியா, அதோடு 'எதற்கும் இருக்கட்டும்' என்று காப்பர் மருந்து ஒரு மூடி. நல்ல உச்சி வெயிலில் ஊற்றினேன். கடையில் கொடுத்தவர் எல்லாம் சேர்த்து விடலாம் என்றுதான் சொன்னார், நானும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை, நல்லதும் ஆகவில்லை கெட்டதும் ஆகவில்லை, 'உயிர் உரம் எல்லாம் ஏமாற்று' என்று இரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தாமிரமும் பூசணக்கொல்லிகளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கருகல் நோய் வரும் மழையில் தெளிக்காமல் கிழங்கு எடுக்க முடியாது. மண்ணில் ஊற்றும் மருந்துக்கும் பாஸ்போபாக்டீரியாவுக்கும் இடையில் ஒன்று, இரண்டு வாரம் இடைவெளி கொடுங்கள், அவ்வளவுதான்.

வேர்ப்பூஞ்சை பற்றித் தனியாக

வேம் என்று விற்கிறார்களே, வேர் உட்பூசணம், அது பாக்டீரியா இல்லை. வேருக்குள் குடியேறி, வெளியே மயிரிழையை விட மெல்லிய இழைகளை நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை உறிஞ்சிக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். பூண்டுக்கு இது ரொம்பப் பொருந்தும். பூண்டு வேரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள், சேமியா மாதிரி வழவழவென்று, பக்க வேரும் வேர்த்தூவியும் ஏதோ பேருக்குத்தான் இருக்கும். அந்தக் குறையைப் பூஞ்சை இழை ஈடுகட்டும். கேரட், கிழங்கு, பீன்ஸ், பட்டாணி, தேயிலை எல்லாம் இதை ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, டர்னிப், நூல்கோல் என்று கடுகுக் குடும்பம் முழுக்கவும், பீட்ரூட், பாலக் கீரையும் இந்தப் பூஞ்சையோடு சேராது. இவற்றுக்கு வேம் வாங்கினால் அந்தக் காசை ஊட்டி ஏரியில் போடலாம். அதோடு முட்டைக்கோஸையே இரண்டு மூன்று போகம் விடாமல் போட்ட பூமியில் இந்தப் பூஞ்சை ஆதரவில்லாமல் குறைந்துபோய்விடும். அங்கே அடுத்து பூண்டு வைக்கிறீர்கள் என்றால் அப்போதுதான் வேம் வாங்க நியாயம் இருக்கிறது. நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே. நேரடி நடவில் பல்லுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சம் விழவேண்டும், மேலே தூவினால் பிரயோசனமில்லை. டிஏபி அதிகம் இருக்கிற இடத்தில் செடி பூஞ்சையை உள்ளேயே விடாது. வீட்டில் சோறு இருந்தால் யார் ஓட்டலுக்குப் போவார்?

சரி, உரத்தை எவ்வளவு குறைக்கலாம்?

மணிச்சத்து உரத்தில் கால் பங்கு குறைக்கலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. முதல் போகத்தில் அதைக்கூட பூமி முழுக்கச் செய்யாதீர்கள். நாலு பாத்தியை ஒதுக்குங்கள். இரண்டில் பாக்கெட் போட்டு டிஏபியைக் கால் பங்கு குறைத்து, ஒன்றில் பாக்கெட் இல்லாமல் அதே அளவு குறைத்து, ஒன்றில் வழக்கம்போல. நாலும் ஒரே சரிவில், ஒரே வெயிலில் இருக்கட்டும். குச்சி நட்டு சாக்குத் துணி கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அறுவடை நாளில் எது எது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கேரட்டைப் பிடுங்கிக் கழுவின பிறகு பாத்தி வாரியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது பாத்திக்கும் மற்றதற்கும் வித்தியாசமே இல்லையென்றால் உங்கள் மண்ணில் மணிச்சத்து தாராளமாக இருக்கிறது, பாக்கெட்டும் வேண்டாம், அந்தக் கால் பங்கு உரமும் வேண்டாம். உரச் செலவைக் குறைக்க இதைவிட மலிவான பரிசோதனை எனக்குத் தெரியாது.

போகமும் முக்கியம். தை, மாசியில் நீர்போகத்துக்குப் போடும்போது மண் சில்லென்று இருக்கும், நுண்ணுயிர் மெதுவாகத்தான் அசையும், இளம் பயிருக்கு உரத்தை ரொம்பக் குறைத்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் கார்போகத்துக்கு மண் வெதுவெதுப்பாகி மழையும் தொட்டிருக்கும், பாத்திச் சோதனையை அப்போது வைத்துக்கொள்வதுதான் நல்லது.

மிஞ்சிய பாக்கெட்டை அடுத்த போகத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், தூள் வகைக்கு ஆயுள் ஆறு மாதம்தான், பிரித்துவிட்டால் அதுவும் இல்லை. எருக்குழியில் கொட்டிக் கிளறி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள்.